பொழுதுபோக்கு ஸ்கூபா முக்குளிப்பில் தன்பொறுப்பு

பொழுதுபோக்கு ஸ்கூபா முக்குளிப்பு என்பது அழுத்தப்பட்ட காற்று நிரப்பிய உருளையை முதுகில் சுமந்து, அதிலிருந்து மூச்சு எடுத்துக்கொண்டே நீருக்கடியில் நீந்தும் விளையாட்டு ஆகும். பிரான்சைச் சேர்ந்த ஜாக் குஸ்தோவும் எமில் காஞ்ஞனும் 1943-ல் உருவாக்கிய 'அக்வாலங்' என்ற கருவி இதற்கு வழி திறந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் சென்னைக்குத் தெற்கேயும், புதுச்சேரியிலும், மன்னார் வளைகுடாப் பகுதியிலும் இது நடைபெறுகிறது. தமிழகத்திலிருந்து அந்தமானுக்குச் சுற்றுலா செல்பவர்களில் பலர் அங்கேதான் முதன்முறையாக உருளையைக் கட்டிக்கொண்டு நீரில் இறங்குகின்றனர்.

இவ்விளையாட்டில் பயிற்றுநர், வழிகாட்டி, படகு நடத்துநர் ஆகிய அனைவருக்கும் கடமைகள் உண்டு. ஆயினும் சான்றிதழ் பெற்ற ஒருவர் நீருக்குள் இறங்கிய பிறகு, அவருடைய பாதுகாப்புக்கு முதற்பொறுப்பு அவரே என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. இதைத் தன்பொறுப்பு என்று சொல்லலாம். ஒழுக்க அறிவுரை என்பதைவிட, நீருக்கடியில் உள்ள இயற்பியல் நிலைமையிலிருந்து பிறந்த விதி என்று இதைக் கொள்வதே பொருத்தம்.

கயிற்றிலிருந்து அளவிக்கு

மன்னார் வளைகுடாவில் நூற்றாண்டுகளாக நடந்த முத்துக்குளித்தலோடு ஒப்பிட்டால் இந்த விதியின் பொருள் விளங்கும். முத்துக்குளிப்பவர் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்குவார். ஒரே மூச்சில், ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள், கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் உடனே அவரை இழுத்து மேலே எடுக்க வேண்டும். கயிறு பிடிப்பவரின் கவனம் சிதறினால் குளித்தவர் உயிர் போகும். அதனால்தான் அந்தக் கயிற்றை மச்சானிடம் கொடுப்பார்கள், தன் அக்காளோ தங்கையோ விதவையாவதை அவன் விரும்பமாட்டான் என்று கடற்கரை மக்களிடையே ஒரு வழக்குச் சொல் உண்டு. சுறாக்களைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' என்பவரும் சிலாபத்தில் இருப்பார். தூத்துக்குடிப் பகுதியில் பெரிய அளவிலான முத்துக்குளித்தல் 1961-உடன் நின்றுபோனது.

அந்த ஏற்பாட்டில் குளிப்பவரின் பாதுகாப்பு மேலே இருப்பவரின் கையில் இருந்தது. ஸ்கூபாவில் பொதுவாக அந்தக் கயிறு இல்லை. எவ்வளவு காற்று மீதம் இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவற்றை முக்குளிப்பவரின் இடுப்பருகே தொங்கும் அளவியும் மணிக்கட்டில் உள்ள கணினியும் காட்டுகின்றன. அவற்றைப் பார்க்க வேண்டியவர் அவரே. காது வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, மனம் பதறுகிறதா என்பதை வழிகாட்டியால் வெளியிலிருந்து அறிய முடியாது. கலங்கலான நீரில் ஐந்து மீட்டர் தள்ளி இருப்பவரைப் பார்க்கவே முடியாத நாள்களும் தமிழகக் கடலில் உண்டு.

சான்றிதழ் சொல்வது என்ன

பொழுதுபோக்கு முக்குளிப்புப் பயிற்சிக்கென்று ஐ.எஸ்.ஓ. 24801 என்ற பன்னாட்டுத் தரம் உள்ளது. அதன் முதல் நிலையில் இருப்பவர் 'மேற்பார்வையில் முக்குளிப்பவர்'. இரண்டாம் நிலையில் இருப்பவர் 'தற்சார்பு முக்குளிப்பவர்'. இரண்டாம் நிலையினர் தமக்கு இணையான தகுதி உடைய இன்னொருவருடன், வழிகாட்டி இல்லாமலே முக்குளிக்கத் தகுந்தவர் என்று பொருள். பல பயிற்சி அமைப்புகள் வழங்கும் 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் இந்த இரண்டாம் நிலையை ஒட்டியது. பெரும்பாலும் 18 மீட்டர் ஆழம் அதன் வரம்பு. மேல்நிலைப் பயிற்சி பெற்றவர்களுக்கு 30 மீட்டர், பொழுதுபோக்கு முக்குளிப்பின் மொத்த எல்லை 40 மீட்டர் என்று வைத்துள்ளனர்.

நடைமுறையில் இந்தத் தகுதி பலருக்குச் சுமையாகவே தெரிகிறது. வழிகாட்டி முன்னே செல்ல, பின்னால் மீன்களைப் பார்த்துக்கொண்டே போவதற்கே பணம் கட்டியிருப்பதாக அவர்கள் எண்ணுகின்றனர். வழிகாட்டி எந்தப் பக்கம் போவார், எத்தனை மீட்டர் இறங்குவார், எத்தனை நிமிடத்தில் திரும்புவார் என்று கேட்காமலே இறங்குவோரும் உண்டு. 18 மீட்டர் சான்றிதழ் உள்ளவரை வழிகாட்டி 28 மீட்டருக்கு அழைத்தால், போகாமல் இருக்கும் முடிவை எடுக்க வேண்டியவர் சான்றிதழ் வைத்திருப்பவரே.

காற்றுக் கணக்கு

நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. கடல் மட்டத்தில் 1, பத்து மீட்டரில் 2, இருபது மீட்டரில் 3, முப்பது மீட்டரில் 4. நுரையீரலை நிரப்பும் காற்று அந்த அழுத்தத்திலேயே வர வேண்டும் என்பதால், ஆழம் கூடக்கூட ஒவ்வொரு மூச்சுக்கும் உருளையிலிருந்து அதிகக் காற்று செலவாகிறது.

வழக்கமாகப் பயன்படும் அலுமினிய உருளையின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு எடுப்பவருக்கு அது தரையில் 110 நிமிடம் வரும். பத்து மீட்டர் ஆழத்தில் 55 நிமிடம், இருபது மீட்டரில் 36 நிமிடம், முப்பது மீட்டரில் 27 நிமிடம். இதுவும் அமைதியாக மூச்சு விடுபவருக்கான கணக்கு. நீரோட்டத்தை எதிர்த்து நீந்துபவரோ பயந்தவரோ இதைப்போல இருமடங்கு காற்றை எளிதில் செலவழிப்பார். இருபது மீட்டரில் அவருடைய 36 நிமிடம் 18 ஆகிவிடும். ஒரே அளவு உருளையோடு இறங்கிய இருவரில் ஒருவரின் காற்று பாதியிலேயே தீர்ந்துபோவது இப்படித்தான். 'அவருக்கு இன்னும் இருக்கிறது, எனக்கும் இருக்கும்' என்று எண்ணுவதற்கு இதில் இடமில்லை.

'50 பார் மீதமிருக்கப் படகுக்கு வா' என்பது பலரும் கேட்ட விதி. இதை 50 பார் வரும்வரை அடியில் இருக்கலாம் என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. ஓர் அவசரநிலையைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்தப் பிழை தெரியும். இருபது மீட்டரில் ஒருவரின் காற்று தீர்ந்து, இணையரின் மாற்று ரெகுலேட்டரிலிருந்து மூச்சு எடுக்கிறார் என்று கொள்வோம். பதற்றத்தில் இருவரும் ஆளுக்கு நிமிடம் 40 லிட்டர் எடுத்தால், அந்த ஆழத்தில் நிமிடத்துக்கு 240 லிட்டர் செலவு. நிலைமையைச் சரிசெய்துகொள்ள ஒரு நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலேற இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், அதற்கு ஏறத்தாழ 360 லிட்டர் தேவை. இவை சேர்ந்து 600 லிட்டர், அதாவது சுமார் 55 பார். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் வழக்கமான பாதுகாப்பு நிறுத்தத்தையும் சேர்த்தால் 960 லிட்டர், சுமார் 87 பார். 50 பாரோடு அடியில் இருப்பவர் தம்மை மட்டும் ஒருவாறு காப்பாற்றிக்கொள்ளலாம். தம் இணையரையும் சேர்த்து முறையாக மேலே கொண்டுவர அது போதாது. எனவே எத்தனை பாரில் திரும்புவது என்பதை ஆழத்தைப் பொறுத்து இறங்குவதற்கு முன்பே இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கணக்கு ஏட்டுச்சுரைக்காய் அன்று. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரை நேர்ந்த 947 பொழுதுபோக்கு முக்குளிப்பு மரணங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டனர். விபத்தைத் தொடங்கிவைத்த காரணம் கண்டறிய முடிந்தவற்றில் 41 விழுக்காட்டில் அது காற்றுப் போதாமையே. வலை, கயிறு, பாறை இடுக்கு போன்றவற்றில் சிக்கிக்கொள்வது 20 விழுக்காடு. கருவிக் கோளாறு 15 விழுக்காடு மட்டுமே. கருவி கைவிட்டுவிடுமோ என்று அஞ்சுபவர்கள் பலர். அளவியைப் பார்க்காமல் இருந்துவிடுவோமோ என்று அஞ்சுபவர்கள் குறைவு.

உடல்நிலைப் படிவம்

முக்குளிப்பதற்கு முன் ஒரு மருத்துவக் கேள்விப் படிவம் தரப்படும். ஆஸ்துமா உண்டா, இதயநோய் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, காதில் அறுவை சிகிச்சை செய்ததுண்டா, கருவுற்றிருக்கிறீர்களா என்பன போன்ற கேள்விகள் அதில் இருக்கும். ஒன்றுக்கு 'ஆம்' என்று எழுதினாலும் மருத்துவரின் ஒப்புதல் கேட்பார்கள் என்பதால், படகு புறப்படும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு இழுத்துவிடுவது சுற்றுலாத் தலங்களில் வழக்கமாகிவிட்டது. நான்கு நாள் விடுமுறையில் வந்தவர் மருத்துவரைத் தேடிப் போவாரா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த 'இல்லை' பயிற்றுநரை மட்டும் ஏமாற்றுவதில்லை. மேற்சொன்ன ஆய்வில் செயலிழக்கச் செய்த காரணம் தெரிந்த மரணங்களில் 26 விழுக்காடு இதயம் தொடர்பானவை.

ஆஸ்துமா பற்றிய கேள்விக்கும் காரணம் உண்டு. அழுத்தக் காற்றை மூச்சிழுத்தவர் மேலேறும்போது அந்தக் காற்று விரிகிறது. பத்து மீட்டரிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இருமடங்காக விரிய முயலும். சுருங்கிய மூச்சுக்குழலுக்குப் பின்னால் காற்று அடைபட்டாலும் இதே நிலைதான். நுரையீரல் திசு கிழிந்து, குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளைக்குச் செல்லக்கூடும். ஸ்கூபாவின் முதல் விதியாக 'மூச்சை ஒருபோதும் பிடிக்காதே' என்று கற்பிப்பது இதனால்தான்.

சளி பிடித்திருப்பது அற்பமாகத் தோன்றும். காதின் உட்பகுதியையும் மூக்கையும் இணைக்கும் குழாய் அடைத்திருந்தால், முதல் சில மீட்டர்களிலேயே செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்படும். வலி வந்தவுடன் நின்று, சற்று மேலேறி, காதுகளைச் சமன்செய்ய முயல வேண்டும். முடியாவிட்டால் அன்றைய முக்குளிப்பை விட்டுவிட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கியவர்களுக்குச் செவிப்பறை கிழிந்து, உள்ளே புகும் குளிர்ந்த நீரால் திசை தெரியாத தலைச்சுற்றல் வருவதுண்டு.

கருவியும் இணையரும்

வாடகைக்கு வாங்கிய கருவியை யார் பூட்டித் தந்தாலும், சரிபார்க்க வேண்டியவர் அணிபவரே. உருளையின் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்பதை அறிய எளிய வழி, அளவியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நான்கு மூச்சு இழுப்பது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே இறங்கி ஏறினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. படகில் இது தெரியாது போனால், ஆழத்தில் மூச்சு கடினமாகும்போதுதான் தெரியும். மிதவைச் சட்டை காற்றைப் பிடிக்கிறதா, ஈயக்கட்டிகள் உள்ள இடுப்புப் பட்டையை ஒரே இழுப்பில் அவிழ்க்க முடிகிறதா என்பவையும் பார்க்கத்தக்கவை. இறந்தவர்களில் பலரின் உடல் ஈயக்கட்டிகளோடே மீட்கப்பட்டிருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்தும் பட்டையை அவிழ்க்காமல் மீண்டும் மூழ்கியவர்கள் அவர்களில் உண்டு.

இணையர் முறையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. இணையர் என்பவர் தம்மைக் காப்பாற்ற வந்தவர் என்று இருவருமே எண்ணினால், அங்கே யாரும் யாரையும் காப்பதில்லை. தம் காற்றையும் மிதப்பையும் தாமே பார்த்துக்கொள்ளக்கூடிய இருவர் அருகருகே இருப்பதே இணையர் முறை. மாற்று ரெகுலேட்டரை எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் இல்லாதவர் இணையர் ஆகமாட்டார்.

முக்குளிப்பவர்களிடையே எழுதப்படாத ஒரு விதி உண்டு. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் முக்குளிப்பைக் கைவிடலாம். கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினால் 'மேலே போகிறோம்' என்று பொருள். அதற்கு மறுப்புச் சைகை கிடையாது. நம் ஊர்களில் இதைக் கடைப்பிடிப்பது சற்றுக் கடினம். பணம் கட்டியாயிற்று, நண்பர்கள் குழுவாக வந்திருக்கிறார்கள், பயந்துவிட்டான் என்று சொல்வார்களே என்ற கூச்சம் பலரை நீரில் தள்ளியிருக்கிறது.

நடத்துநரின் கடமை

தன்பொறுப்பு என்ற சொல்லை நடத்துநர்கள் தமக்குக் கேடயமாகப் பிடிப்பதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடலோரத்தில் 1998 ஜனவரி 25 அன்று, பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு முக்குளிக்கச் சென்ற ஓர் அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பிவிட்டது. ஆள் எண்ணிக்கை சரியாக எடுக்கப்படவில்லை. படகில் கிடந்த அவர்களின் பையை இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோதுதான் அவர்கள் இல்லாதது தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. படகுத் தலைவர் மீது தொடரப்பட்ட வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டார், நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அதன்பின் அங்கே ஆள் எண்ணும் விதிகள் கடுமையாக்கப்பட்டன. எவ்வளவு கவனமான முக்குளிப்பவராலும் தம்மை விட்டுச் செல்லும் படகை நிறுத்த முடியாது.

முதன்முறை இறங்கும் சுற்றுலாப் பயணியின் நிலையும் வேறு. அந்தமானில் நடக்கும் 'அறிமுக முக்குளிப்பில்' நீச்சல் தெரியாதவரும் இறங்குகிறார். அவரைப் பின்னால் பிடித்துக்கொண்டு, அவருடைய மிதவைச் சட்டையைப் பயிற்றுநரே இயக்குகிறார். அரை மணி நேர விளக்கம் கேட்டவரிடம் தற்சார்பை எதிர்பார்க்க முடியாது. அவருக்கு உள்ள பொறுப்புகள் மூன்று: படிவத்தில் உண்மை எழுதுவது, கற்றுத்தந்த சைகைகளை நினைவில் கொள்வது, பயம் வந்தால் உடனே காட்டுவது. மற்றவை பயிற்றுநருடையவை. 'ஏதேனும் நேர்ந்தால் நானே பொறுப்பு' என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிட்டதால் நடத்துநரின் கவனக்கடமை அழிந்துவிடாது. இந்தியச் சுற்றுலா அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளில் ஸ்கூபா முக்குளிப்பும் இடம்பெற்றுள்ளது.

கரை ஏறிய பிறகு

அழுத்தத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைகிறது. மெதுவாக மேலேறினால் அது நுரையீரல் வழியே வெளியேறும். விரைந்து ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழிகள் உண்டாகும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், சில வேளை கால்கள் செயலிழத்தல் வரை இதனால் வரும். இதையே அழுத்தநீக்க நோய் என்கின்றனர்.

கரைக்கு வந்த பிறகும் நைட்ரஜன் மணிக்கணக்கில் உடலில் தங்கியிருக்கும். இந்நிலையில் உயரத்துக்குச் செல்வது, அழுத்தத்தை மேலும் குறைத்துக் குமிழிகளை வளர்க்கும். ஒருமுறை முக்குளித்தவர் விமானம் ஏற 12 மணி நேரமும், பலமுறையோ பல நாளோ முக்குளித்தவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். ஏறத்தாழ 600 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பயணத்துக்கும் இது பொருந்தும். இதை மறப்பது எளிது. காலையில் சென்னைக் கடலில் இரண்டு முறை முக்குளித்துவிட்டு, காரில் ஏறி, ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருத்தணியில் முருகனைத் தரிசித்து, இரவே திருமலைக்குப் போகும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். திருத்தணி மலை சில நூறு அடி உயரமே என்பதால் அந்த உயரம் பொருட்டல்ல, ஆனால் முக்குளித்த உடனே 365 படிகளை மூச்சு வாங்க ஏறுவது நல்லதன்று. கடும் உழைப்பு குமிழி உண்டாவதைத் தூண்டக்கூடும் என்று முக்குளிப்பு மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். திருமலையோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர். ஏற்காடும் கொடைக்கானலும் அதைவிட உயரம். மறுநாள் போனால் சிக்கல் இல்லை.

நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தோன்றும். 'உருளையைத் தூக்கியதால் தோள் வலிக்கிறது', 'படகில் உட்கார்ந்து கால் மரத்துவிட்டது' என்று காரணம் கற்பித்துக்கொண்டு தூங்கப் போய்விடுவது, முக்குளிப்பு மருத்துவர்கள் அடிக்கடி காணும் தாமதம். முதலுதவி தூய ஆக்சிஜன். முழுச் சிகிச்சை, மீளழுத்த அறையில் மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தி மெல்ல வெளிக்கொணர்வது. அந்தமானில் இந்த வசதி, முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள கடற்படை மருத்துவமனையான ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரியில் உள்ளது. கடலிலிருந்து தொலைவில் உள்ள திருத்தணி, அரக்கோணம் போன்ற ஊர்களில் நள்ளிரவில் தோள்வலியோடு வருபவரைப் பார்க்கும் மருத்துவர், முக்குளிப்பு நோயை நினைப்பதற்குக் காரணமே இல்லை. எப்போது, எத்தனை மீட்டர், எத்தனை முறை இறங்கினார், எவ்வளவு வேகமாக மேலேறினார் என்பதை நோயாளியே முதல் வாக்கியத்தில் சொல்ல வேண்டும். மணிக்கட்டுக் கணினியில் அந்த விவரங்கள் பதிவாகியிருக்கும், அதையும் கையோடு கொண்டுபோகலாம்.